சந்தைவெளியில் நிற்கும் பிள்ளைகள்



பள்ளிகளில் முதல் பருவத் தேர்வு நடக்கும் நாள்கள் இவை. இன்னும் சில நாளில் விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும். 'எத்தனை மார்க்? வகுப்பில் எத்தனையாவது?' என்ற கேள்விகளும் கூடவே வரும். இந்த நேரத்தில் இன்றைய நற்செய்தியாக நாம் கேட்பது திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை (மத்தேயு 20:1-16). விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி.

பங்குப் பள்ளியை நடத்தும் குருக்களும் அருள்சகோதரிகளுமான எங்களுக்கு இது மிகவும் வசதியான உவமை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்றானது. தமிழக அரசும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. பிறகு 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. எனவே இங்கே எல்லாரும் தேர்ச்சி. 'கடைசியாக வந்தவருக்கும் அதே கூலி என்று ஆண்டவரே சொல்லிவிட்டாரே' என்று நாங்களும் மேடையில் பேசியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறந்த ஜூன் மாதம், ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "சாமி, என் பையனை ஐந்தாவதுக்கு அனுப்பாதீங்க. இன்னொரு வருஷம் நாலாவதுலயே வைங்க" என்றார். திகைத்துப் போனோம். ஃபெயில் போடாதீர்கள் என்று கெஞ்சும் பெற்றோரைப் பார்த்திருக்கிறோம். ஃபெயில் போடச் சொன்னவர் அவர் ஒருவர்தான். "மகளிர் குழு நோட்டைப் படிச்சுச் சொல்லுன்னு கொடுத்தேன் சாமி. எழுத்துக்கூட்டக்கூடத் தெரியல. கார்டுல பி கிரேடு போட்டிருக்கு. எதை நம்புறது?"

அந்தக் கார்டில் கையெழுத்துப் போட்டிருந்தது நாங்கள்தான்.

அந்த 'பி' எப்படி வந்தது என்று பார்த்தோம். 2012 முதல் நம் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த முப்பருவ முறையில், பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண். பருவம் முழுவதும் பிள்ளை செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40. நாள்தோறும் பிள்ளையைக் கவனித்துப் போட வேண்டிய அந்த 40-ஐ, பருவக் கடைசியில் உட்கார்ந்து எல்லாருக்கும் 35, 36 என்று வரிசையாக எழுதியிருந்தோம். தேர்வில் அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதிப் பழகியதைக் கொண்டு பாதி தேறியிருந்தான். யாரும் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. ஆனால் கார்டு பொய் சொன்னது. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அன்பர்களே, அன்று மாலை இந்த உவமையைத் திரும்ப எடுத்து வாசித்தோம். அதுவரை கூலி கொடுக்கும் இடத்தில் மட்டுமே எங்கள் கண் நின்றிருந்தது. அந்த நிலக்கிழார் அதற்கு முன் என்ன செய்தார்? விடியற்காலையில் போனார். ஒன்பது மணிக்குப் போனார், பன்னிரண்டுக்குப் போனார், மூன்றுக்குப் போனார், ஐந்துக்கும் போனார். ஒரே நாளில் ஐந்து முறை சந்தைவெளிக்கு நடந்தார். அங்கே சும்மா நின்றவர்களிடம், ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். தங்களை யாரும் அழைக்கவில்லை என்றார்கள். அவர்களையும் தோட்டத்துக்குள் அனுப்பினார். சந்தைவெளியில் நிற்கிறவன் கையில் ஒரு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

நாங்கள் செய்தது அதைத்தான். பிள்ளையை வெளியிலேயே நிறுத்திவிட்டுக் கையில் கூலியைத் திணித்தோம்.

அந்தப் பையனை நாலாம் வகுப்பில் நிறுத்தவில்லை. கூடப் படித்தவர்கள் மேலே போக, தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்காரும் பிள்ளைக்கு எழுத்து வருவதற்கு முன் வெட்கம் வந்துவிடும். ஏழை வீட்டில் அந்த வெட்கம் பல நேரம் படிப்பையே நிறுத்திவிடும். ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பினோம். ஆனால் நாள்தோறும் காலை வழிபாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் அவனையும் அவனைப் போன்ற ஆறு பேரையும் ஓர் ஆசிரியை தனியே உட்கார வைத்து உயிரெழுத்திலிருந்து தொடங்கினார். கார்டில் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: 'சொற்களை வாசிக்கிறான். வாக்கியம் இன்னும் வரவில்லை.' அந்தத் தாய் அதைக் கேட்டுவிட்டு, "இப்போதான் சாமி கார்டு பேசுது" என்றார். அடுத்த ஏப்ரலில் அவன் குழு நோட்டைத் தடுமாறித் தடுமாறிப் படித்தான். முதல் மதிப்பெண் வாங்கவில்லை. படித்தான்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரிக்கிறது. அழகான பெயர்கள். மொட்டைப் பார்த்து ஏன் மலரவில்லை என்று யாரும் திட்டுவதில்லை. மொட்டை மலர் என்று எழுதிவைத்துத் தண்ணீர் ஊற்ற மறப்பதும் தோட்டக்காரனுக்கு அழகல்ல.

பரிசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும்; விடியற்காலை முதல் வெயில் தாங்கியவர் அவர். ஆனால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், ஐந்து தாலந்து ஈட்டியவரையும் இரண்டு ஈட்டியவரையும் தலைவர் ஒரே சொற்களால்தான் பாராட்டுகிறார். இரண்டிலிருந்து நான்குக்கு வந்த பிள்ளைக்கும் நம் ஆண்டுவிழா மேடையில் இடம் இருக்கட்டும்.

பெற்றோரே, இந்த முறை கார்டு வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'எனக்குப் படித்துக் காட்டு' என்று கேளுங்கள். உங்களுக்கே எழுத்து தெரியாவிட்டாலும் கேளுங்கள். அந்தத் தாய்க்கும் தெரியாது. பிள்ளை திணறினால் அடிக்காதீர்கள், எங்களிடம் வாருங்கள். எங்களிடம் கணக்குக் கேளுங்கள்.

ஐந்து முறை எங்களைத் தேடி வந்த ஆண்டவரே, கடைசி பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைகளிடம் நாங்களும் நடந்து போக, சலிக்காத கால்களைத் தாரும். ஆமென்.