கிரேனின் காலடி மண்

(தீபாவளிக்கு ஊர் வந்திருந்த இளைஞர்களுக்காகத் தோட்டப் பாடசாலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்பில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் இன்று வந்திருக்கிறீர்கள். கிரேனை ஓட்டுவது வேறொருவர். ஆனால் அதன் கால்களுக்குக் கீழே பலகை வைக்க அனுப்பப்படுவது நீங்கள்தான். கிரேன் சரிந்தால் பக்கத்தில் நிற்பதும் நீங்கள்தான்.

மழை விட்ட பிறகு கான் ஓரத்தில் கால் வைத்தால் மண் சரியும் என்பது கொழுந்தெடுக்கும் அக்காமாருக்குத் தெரியும். கிரேனுக்கும் அதே கதைதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு காலில் 12 தொன் பாரம் இறங்குகிறது. அதன் இரும்புப் பாதம் 40 சென்ரிமீட்டர் சதுரம். வெறும் மண்ணில் வைத்தால் சதுர மீட்டருக்கு 75 தொன் அழுத்தம். இளகிய களிமண் 7 தொன்னுக்கு மேல் தாங்கும் என்று நம்ப முடியாது. 1 மீட்டர் சதுரப் பலகை வைத்தால் 12 தொன், அதுவும் போதாது. ஒன்றரை மீட்டர் சதுரம் என்றால் 5 தொன் சொச்சம்தான். ஆகவே கிரேனை மட்டுமல்ல, மண்ணையும் பார்த்துத்தான் பலகை தெரிவு செய்ய வேண்டும்.

அகலம் மட்டும் போதாது. மெல்லிய பலகை வளைந்துவிடும். பாரமெல்லாம் நடுவில்தான் இறங்கும். தடித்த வைர மரம், இரும்புத் தகடு, இதற்கென்றே செய்த தடித்த பிளாஸ்டிக் பலகை நல்லது. வெடித்த மரம், செங்கல், புளொக் கல் வேண்டவே வேண்டாம். பலகையின் அடியில் பள்ளம் இருக்கக் கூடாது. பாதம் பலகையின் நடுவில் நிற்க வேண்டும். புதிதாக நிரப்பிய மண், கான் ஓரம், மூடிய குழி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

"பின்பக்கம் தூக்கினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். கை எந்தக் காலின் பக்கம் திரும்புகிறதோ, அந்தக் காலுக்கே பாரம் கூடும். சாமானைச் சற்று உயர்த்தி நிறுத்தி, நாலு பலகையையும் பாருங்கள். ஒன்று புதைந்தாலும் இறக்கச் சொல்லுங்கள்.

ஒப்பரேட்டரிடமும் இன்ஜினியரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ஒரு காலுக்கு எத்தனை தொன்? இந்த மண் எவ்வளவு தாங்கும்?" தனியாகக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாட்சம்பளம் போனால் நாளைக்கு உழைக்கலாம்; நீங்கள் முழுதாக வீடு வர வேண்டும்.