நீக்கப்பட்ட பக்கங்களும் வரலாற்று ஆசிரியரின் பணியும்

(பள்ளி ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



பள்ளி வரலாற்று நூல்களின் மீதான தாக்குதல் நேற்றுத் தொடங்கியதன்று. 1978இல், ஜனதா ஆட்சிக் காலத்தில், ஆர்.எஸ். சர்மா எழுதிய பண்டைய இந்தியா பற்றிய பாடநூல் திரும்பப் பெறப்பட்டது. 2001இல் வாஜ்பாய் ஆட்சியின்போது சில பத்திகள் நீக்கப்பட்டன. அவற்றை வகுப்பில் விவாதிக்கவும் கூடாதென மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை விடுத்தது. அண்மை ஆண்டுகளில், காந்தியடிகள் கொலையை அடுத்து ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்ட செய்தியும் 2002 குஜராத் வன்முறை பற்றிய பகுதிகளும் நூல்களை விட்டு அகன்றன. இவையெல்லாம் தோழர்கள் அறிந்தவை.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் எடுக்கப்பட்டபோது, முகலாயர் வரலாறு முற்றாக நீக்கப்படவில்லை என்று என்.சி.இ.ஆர்.டி. விளக்கம் தந்தது. சொல்லளவில் அது சரியே. முகலாயர் கால உழவர், ஜமீன்தார் பற்றிய பாடம் நூலில் நிற்கிறது. ஆனால் எடுக்கப்பட்ட அத்தியாயம் மன்னர்களின் பெயர்ப்பட்டியல் அன்று. அரசவை வரலாறுகள் யாருடைய ஆணையால், யாருக்காக, எவ்வாறு எழுதப்பட்டன என்பதே அதன் உயிர்ப்பொருள். வரலாற்று ஆவணத்தை ஐயத்தோடு படிக்கக் கற்றுத்தந்த பாடம் அது. பறிபோனது தகவல் மட்டுமன்று; தகவலைச் சோதிக்கும் கருவியும்தான்.

அக்கருவி வகுப்பறையில் எப்படி இயங்கும்? அபுல் பஸல், பதாவுனி இருவரும் அக்பரின் அவையில் இருந்தவர்கள். முதலாமவர் அரசரின் விருப்பப்படி அக்பர் நாமாவை எழுதினார்; அதில் அக்பர் தெய்வீக ஒளி பெற்றவர். இரண்டாமவர் அக்பரின் சமயக் கொள்கையை வெறுத்து மறைவாக எழுதினார். இருவர் எழுத்தையும் அருகருகே வைத்து, “ஒருவர் ஏன் புகழ்கிறார், மற்றவர் ஏன் ஒளித்து எழுதுகிறார்?” என்று கேட்கும் ஆசிரியரிடம் பயின்ற மாணவன், நாளை கைபேசியில் வரும் கதையையும் “எழுதியது யார்?” என்று கேட்டே படிப்பான். ஆட்சியாளர் அஞ்சுவது இக்கேள்வியைத்தான்.

2019இல் ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து நீக்கப்பட்ட உடை பற்றிய அத்தியாயத்தையும் எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த சாணார் பெண்கள் 1822இல் தாக்கப்பட்டதும், 1829இல் அரசாணையே அவர்களுக்கு எதிராக வந்ததும் அதில் இருந்தன. 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தம் பிடி தளர்வதைக் கண்ட மேல்சாதியாரின் சினம் முற்றியது. 1859இல் பெண்கள் மேலாடை அணியலாம் என அரசு இறங்கி வந்தது; ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாதாம்! ஒரு துண்டுத் துணிக்குள் சாதியும் உழைப்புச் சுரண்டலும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் அரிது. அப்போராட்டம் நடந்த மண்ணின் பெரும்பகுதி இன்றைய குமரி மாவட்டம். அங்கே மத்தியப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவி தன் கொள்ளுப்பாட்டிகளின் போராட்டத்தைத் தன் பாடநூலில் காணமாட்டாள்.

ஒரு வியப்பு: நாஜிகள் ஜெர்மனியின் பாடநூல்களைத் திருத்தி எழுதிய கதை அதே ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் தொடர்ந்து இடம்பெற்றது. கத்தரிக்கோல் பிடித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை போலும்.

இடதுசாரி ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வகுப்புவாத மனப்பாடத்துக்கு மதச்சார்பற்ற மனப்பாடம் மாற்றாகாது. “அக்பர் சமய நல்லிணக்கம் பேணினார்” என்ற ஒற்றை வரியை மதிப்பெண்ணுக்காக ஒப்பித்தவன், தெருவில் எதிர்க்கதை கேட்ட அன்றே அதை உதறிவிடுவான். கோயில்கள் இடிக்கப்பட்ட நிகழ்வுகளை மறைப்பதும் பயன் தராது. எந்தக் கோயில், எந்தப் போரின்போது, எந்த அரசியல் காரணத்தால் என்று ஆராயவைப்பதே பயன் தரும். இல்லையேல் அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் இஸ்லாமிய மாணவன் மீது நானூறு ஆண்டுப் பழைய கணக்கு சுமத்தப்படும்.

தேர்வில் வராத பாடத்துக்கு நேரமேது என்ற ஆசிரியரின் கேள்வி நியாயமானது. பாடத்தை முடிக்கும் நெருக்கடி உண்மையானது. எனவே பள்ளிக்கு வெளியிலும் இடம் வேண்டும். பழைய பதிப்புகள் பல வீடுகளிலும் நூலகங்களிலும் இன்னும் கிடைக்கின்றன. அவற்றைத் திரட்டி, நீக்கப்பட்ட அத்தியாயங்களைத் தமிழிலாக்கி, கிளை நூலகங்களில் விடுமுறை நாள் வாசிப்பு வட்டங்கள் தொடங்கலாம். ஓர் அமர்வுக்கு ஒரு நிகழ்வு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சான்றுகள் போதும். முதல் அமர்வுக்கு 1829, 1859 ஆகிய ஆண்டுகளின் இரு அரசாணைகளையும் எடுத்துக்கொள்ளலாம்.