ஊர் கூடி இழுத்த பந்தயக் கார்



1945-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போரில் வென்ற பிரிட்டனிடம், மோட்டார் பந்தயத்தில் இத்தாலியக் கார்களுக்கு ஈடுகொடுக்கத்தக்க கார் இல்லை. இக்குறையைப் போக்க எண்ணிய ரேமண்ட் மேஸ் என்ற பந்தய வீரர், தொழிற்சாலைகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பணமும் பொருளும் தர முன்வந்தன. லிங்கன்ஷயரில் போர்ன் என்னும் சிற்றூரில் பி.ஆர்.எம். குழு பிறந்தது.

அவர்கள் வகுத்த இயந்திரம் வியப்புக்குரியது. கொள்ளளவு 1,500 சி.சி.தான், சிலிண்டர்களோ 16! ஒவ்வொன்றும் ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவே. நிமிடத்திற்கு 12,000 சுற்றுகள் சுழலும் வேகம். இத்தகைய நுட்பமான இயந்திரத்தின் பாகங்கள் பல தொழிற்சாலைகளிலிருந்து வரவேண்டியிருந்தன. அவை காலந்தாழ்ந்து வந்தன. முடிவெடுக்கும் பொறுப்போ ஒரு செயற்குழுவிடம் இருந்தது.

1950 ஆகஸ்டில் சில்வர்ஸ்டோன் திடலில் கொடி அசைந்தது. பி.ஆர்.எம். கார் சற்றே அசைந்து, அங்கேயே நின்றுவிட்டது. கூட்டம் எள்ளி நகையாடியது. குறைகளைக் களைந்து முடிப்பதற்குள் 1952-இல் உலகப் போட்டியின் விதிகளே மாறிவிட்டன. அவ்வாண்டில் ஆல்பிரட் ஓவன் என்ற தொழிலதிபரின் நிறுவனம் குழுவை விலைக்கு வாங்கியது.

அதன் பிறகும் உலகப் போட்டியில் முதல் வெற்றி 1959-இல்தான் கிட்டியது. ஓவனும் பொறுமை இழந்தார். 1962-இல் வெற்றி காணாவிடில் குழு கலைக்கப்படும் என்றார். டோனி ரட் என்ற பொறியாளரிடம் தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. புதிய இயந்திரத்தில் எட்டே சிலிண்டர்கள்! அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. முன்னணியில் சென்ற ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரில் ஒரு சிறு போல்ட் கழன்று எண்ணெய் ஒழுகியது. அவர் விலக நேர்ந்தது. பி.ஆர்.எம். வீரர் கிரகாம் ஹில் வென்று உலக வீரரானார். குழுவுக்கும் உலகப் பட்டம் கிடைத்தது.

1977-இல் களத்தை விட்டு நீங்குமுன் அக்குழு உலகப் போட்டித் தொடரில் 17 வெற்றிகள் பெற்றிருந்தது.

நேயர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். ஆயினும் வடம் பிடிக்க நூறு கைகள் இருந்தால் மட்டும் போதாது. சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத் திசை திருப்ப, பொறுப்பேற்ற ஒருவர் வேண்டும். தேர் பாதி வழியில் நின்றாலும் வடத்தை விடாத மனமும் வேண்டும். நம் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் அல்லவா?