பாங்கி ஸ்டேட்மெண்டும் நம் பேரேடும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வர்த்தகத்தையே ஜீவனமாகக் கொண்ட நம்மவருக்குக் கணக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்வது மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிப்பது போலாகும் என்று சிலர் நகைக்கக்கூடும். நம் பாட்டனார் சிட்டையும் பேரேடும் தம் கையாலெழுதி, ரொக்கம் நேராகாமல் கடை சாத்தமாட்டார் என்பது மெய்யே. ஆனால், இன்று நம் கடையின் பேரேட்டில் என்ன இருக்கிறதென்று நம்முள் எத்தனை பேர் சொல்லவல்லோம்? 2016-ல் யூபிஐ ஏற்பட்ட பிறகு, ஐந்து ரூபாய்க் கடுகுக்கும் பாங்கியில் ஒரு வரி விழுகின்றது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தமையால், கணக்கை வருஷக் கடைசிக்கு ஒத்திப்போடவும் வழியில்லை. இத்தனை வரிகளையும் கையால் டாலியில் ஏற்றுதல் ஆகாத காரியமாதலால், பாங்கி ஸ்டேட்மெண்டைக் கணக்கு மென்பொருள் படிக்கத்தக்க கோப்பாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் வந்துள்ளது. வழக்கம் நன்றே. அம்மாற்றத்தில் கணக்கு எவ்விடத்தில் கெடுகிறது என்பதையே நாம் இன்று சொல்ல வந்தோம்.

பாங்கி நமக்கு அனுப்பும் பிடிஎப் கோப்பு, 1993-ல் அடோபி கம்பெனியார் வெளியிட்ட ஏற்பாடு. எந்த யந்திரத்தில் திறந்தாலும் தாள் ஒரே தோற்றமாயிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் கண்ணுக்குத் தேதி, விவரம், பற்று, வரவு என்று பத்திகள் தெரிந்தாலும், கோப்பினுள்ளே பெரும்பாலும் எழுத்துக்களும் அவை நிற்கவேண்டிய இடங்களுமே உள்ளன. மாற்றித்தரும் கருவி இது இன்ன பத்தி என்று ஊகித்தே பிரிக்கின்றது. விவரம் இரண்டு வரியாக நீண்டால் ஊகம் தவறும். பக்கம் திரும்புமிடத்தில் ஒரு வரி விழுந்துபோவதும் உண்டு. ஆகையால், நெட் பாங்கிங்கில் எக்ஸெல் அல்லது சிஎஸ்வி கிடைக்குமானால் பிடிஎப்பைத் தொடவே வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

சிஎஸ்வியிலும் கண்ணிகள் உண்டு. அது காற்புள்ளியைக் கொண்டு பத்தி பிரிப்பது. நாமோ 1,25,000 என்று தொகைக்குள்ளேயே காற்புள்ளியிடுகிறோம். மேற்கோட் குறிக்குள் அடங்காவிடில் ஒன்றேகால் லட்சம் மூன்று துண்டாகிவிடும். 000457 என்ற செக் எண்ணை எக்ஸெல் வெறும் 457 ஆக்கிவிடும். எல்லாவற்றினும் கொடியது தேதி. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க வழக்கில் அமைந்த கம்ப்யூட்டருக்கோ மார்ச்சு நான்கு. நாள் மாறியதோடு நில்லாது, புது வருஷக் கணக்கின் வரவு பழைய வருஷத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்! தொகையோ சரியாயிருக்கும், யாருக்கும் ஐயம் பிறவாது. கோப்பை நேரே திறவாமல், எக்ஸெலின் டேட்டா வழியாக உள்ளே கொணர்ந்து, தேதிப் பத்தியை நாள்-மாதம்-வருஷம் என்றும், செக் எண்ணை எழுத்தென்றும் முன்னரே குறித்துவிட்டால் இவ்விரண்டும் தீரும்.

இனி, பற்றும் வரவும். ஸ்டேட்மெண்டு என்பது பாங்கியின் பேரேட்டில் நம் பெயருக்குள்ள பக்கம். அங்கே டெபிட் என்றிருப்பது நம் பணம் வெளியே போனது. நம் புத்தகத்தில் அதுவே பாங்கிக் கணக்குக்குக் கிரெடிட். இதை அறியாத பையன் பத்திகளை அப்படியே பொருத்திவிட்டால், மாதம் முழுதும் தலைகீழாகும்.

மாற்றிய கோப்பை ஏற்றுமுன் செய்யவேண்டிய சோதனை நம் முன்னோர் அறிந்ததே. ஆரம்ப இருப்பு 2,40,000 ரூபாய், மாத வரவு 9,15,500, பற்று 8,72,250 எனில், முடிவிருப்பு 2,83,250 ஆகவேண்டும். ஆகாவிடில் வரிதோறும் உள்ள இருப்பை மேலிருந்து கூட்டிக்கழித்து வருக; முதன்முதல் எந்த வரியில் ஒவ்வவில்லையோ, அவ்வரியையும் அதன் மேல்வரியையும் பார்க்க. கையால் திருத்திய கோப்பாயின், வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இரண்டால் வகுத்த பாதித்தொகை எங்கேனும் காணப்பட்டால் அது பற்று வரவு மாறி விழுந்ததாகலாம். பழைய கணக்கப்பிள்ளைகள் விரல்நுனியில் வைத்திருந்த வித்தை இது. பைசாவுக்குப் பைசா நேரானாலன்றி டாலியில் ஏற்றலாகாது.

தொகை நேரானாலும் பெயர் நேராக வேண்டுமே! நம் பெயரில் இரு பாங்கிகளில் கணக்கிருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு லட்சம் மாற்றினால், இரு ஸ்டேட்மெண்டிலும் அது வரும். இரண்டையும் தனித்தனியே மாற்றியேற்றினால், ஒருபுறம் இல்லாத செலவும் மறுபுறம் இல்லாத வியாபாரமும் தோன்றும். அதைக் கான்ட்ராவாக ஒருமுறையே எழுதுதல் வேண்டும். பாங்கிக் கூலியின்மேல் பிடிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டியைத் தனியே பிரித்தெழுதாதவர், திரும்பப் பெறக்கூடிய தொகையைக் கைவிடுகிறவராவர். விளங்காத வரிகளையெல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளும் வழக்கம் இவை யாவற்றினும் பெரிய கேடு. நம்முள் கூட்டாக வர்த்தகம் செய்யும் அண்ணன் தம்பிகள் பலர். எட்டு வருஷத்துக்குப் பின் பங்கு பிரிக்க உட்காரும்போது, அந்தச் சஸ்பென்ஸில் கிடக்கும் நாலு லட்சத்தை எடுத்தவர் யாரென்று எந்த ஆடிட்டர் சொல்லுவார்? கொடுத்த மறுமாதமே கேட்டிருந்தால், "மதினி ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான்தானே எடுத்தேன்" என்று தம்பி சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். பின்னர் கேட்குங்கால் அதே கேள்வி திருட்டுப் பட்டமாகக் காதில் விழுகின்றது. ஆதலின், மாதம் பிறந்த முதல் வாரத்தில், பங்காளிகள் எல்லாரும் ஒருமணி நேரம் கூடியிருந்து, விளங்காத வரிகளுக்குப் பெயரிடவேண்டும். இங்கு வந்துள்ள சகோதரிகளும் உடனிருத்தல் நலம். வீட்டுச் செலவுக்கு வந்த தொகைகள் பலவும் அவர்களுக்கே விளங்கும்.

இலவசமாய் மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் கடை விரித்திருப்போர் பலர். யாரென்று அறியாத ஒருவரிடம் நம் பேரேட்டைக் கொடுத்தனுப்புவோமா? ஸ்டேட்மெண்டில் நம் இருப்பு மட்டுமன்று, நம்மிடம் வாங்குவோர் விற்போர் பெயர்களும், யூபிஐ முகவரியோடு சேர்ந்து பலருடைய டெலிபோன் எண்களும் உள்ளன. கடவுச்சொல்லையும் உடன் எழுதிக் கொடுப்பவரைப் பற்றி என்ன சொல்ல! டாலியின் பிரைம் பதிப்பு எக்ஸெல் கோப்பையும் எக்ஸ்எம்எல் கோப்பையும் தானே ஏற்றுக்கொள்ளும். ஆகவே, நம் கம்ப்யூட்டரிலேயே இவ்வேலை முழுதும் முடியும். ஏற்றுமுன் டாலியிலுள்ள கணக்கைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்க. ஒரே மாதத்தை இருமுறை ஏற்றிவிட்டால், பழைய நிலைக்கு மீள அப்பிரதியே துணை.