துண்டுச் சீட்டும் ஒப்பந்தச் சீட்டும்

(இறம்பொடையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

வெளிநாட்டிலுள்ள சர்வதேசப் பாடசாலைகளில் ஆசிரியப் பணி ஏற்பதன் இலாபமும் ஆபத்தும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகையதொரு பொருளை இறம்பொடையிலே பேசும் காலம் வருமென்று நம் பாட்டன்மார் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். கங்காணியின் பின்னே கடல் கடந்து வந்து, காடழித்துத் தேயிலை நட்டு, லயத்திலே வாழ்ந்து லயத்திலேயே மாண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்கும் தகுதி பெற்று, மாலைதீவுக்கும் துபாய்க்கும் கட்டாருக்கும் விண்ணப்பம் எழுதுகிறார்கள். இதனை வீழ்ச்சியென்று கூற மாட்டேன், வளர்ச்சியென்றே கூறுவேன். ஆயினும், வளர்ச்சிக்கும் வழித்துணை வேண்டும். போகாதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. படிக்காமல் கையொப்பமிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

ஏன் போகிறார்கள்?

ஊரை விட்டுப் போகும் ஆசிரியரைப் பணத்தாசை பிடித்தவர் என்று ஏசுவோர் உண்டு. ஏசுவது எளிது. 24 ஆண்டுகளாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை எதிர்த்து ஆசிரியர்கள் 2021 ஜூலையில் பணியை நிறுத்திப் போராடினார்களே, அது ஆசையினாலா? பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 2015இல் ஆசிரியர் உதவியாளராக நியமிக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாய்தானே கொடுப்பனவாக அளக்கப்பட்டது! அதைக்கொண்டு அவர்கள் உண்பதா, பேருந்துக்குக் கொடுப்பதா, பெற்றோருக்கு அனுப்புவதா? பின்னர் வந்தது 2022. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாயை எட்டியது. சம்பளம் அதே சம்பளம். அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் அதே விலையில் நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் அரசாங்கமே சுற்றுநிருபம் வெளியிட்டு, பொதுத்துறை ஊழியர் 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று வழி திறந்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள், வெளியே போனவனைக் குறை கூறுவது எவ்விதத்தில் நியாயம்?

'சர்வதேசம்' என்னும் பெயர்

சர்வதேசப் பாடசாலை என்றவுடன் நம் இளைஞர் மனத்தில் ஓர் உயர்ந்த மாளிகை எழுகிறது. அப்பெயர் உயர்ந்த நோக்கத்தோடு பிறந்ததும் உண்மையே. சர்வதேச சங்கத்திலும் உலகத் தொழிலாளர் நிறுவனத்திலும் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா நகரிலே ஒரு பாடசாலை தோன்றியது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து சமாதானத்தைக் கற்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இன்று உலகெங்கும் இப்பெயர் தாங்கிய பாடசாலைகள் 10,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் அறத்துக்காக நடப்பவையும் உண்டு. பெரும்பாலானவை ஆதாயத்துக்காக நடப்பவை. நம் நாட்டையே பாருங்கள். இங்குள்ள சர்வதேசப் பாடசாலைகள் கல்வித் திணைக்களத்தின் ஏட்டில் பாடசாலைகளாகப் பிறக்கவில்லை. கம்பனிச் சட்டத்தின் கீழ்க் கம்பனிகளாகவே பதிவாகின. கம்பனிக்கு மாணவன் வரவு, ஆசிரியன் செலவு. கம்பனி எந்தத் தேசத்தில் இருந்தாலும், செலவைக் குறைக்கவே கணக்கர் பேனா பிடிப்பார். இதனை மனத்திலே இருத்திக்கொண்டுதான் அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும்.

பாட்டனைக் கட்டிய துண்டு

ஒப்பந்தம் என்பது நமக்குப் புதியதா? 'துண்டு' என்றொரு காகிதம் இம்மலையிலே வாழ்ந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளி தன் ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளியானான். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அந்தக் கடனில் ஏறின. அவன் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்னின்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. புதிய துரை பழைய கடனைக் கட்டினார். கடன் தீரவில்லை, கைமாறிற்று. கடனோடு மனிதனும் கைமாறினான். 1921ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

அது ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆனால், அரபு நாடுகள் பலவற்றில் 'கபாலா' என்றொரு முறை வேரூன்றியது. வேலை கொடுப்பவரே தொழிலாளியின் இருப்புக்குப் பொறுப்பாளி. அவர் இசைந்தாலன்றி வேறு வேலைக்கு மாற முடியாது. சில நாடுகளில் அவர் இசைவின்றி ஊர் திரும்பவும் முடியாது. ஆட்சேபனை இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் நம் பாட்டனின் துண்டுக்கு உடன்பிறப்பு அன்றோ? கட்டார் நாடு வெளியேறும் அனுமதியை 2018இல் பெரும்பாலோருக்கு நீக்கிற்று. வேலை மாறுவதற்கான இசைவுக் கடிதத்தை 2020இல் நீக்கிற்று. வரவேற்கிறோம். குவைத்தோ, தனியார் துறையில் பணிபுரியும் அந்நியர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் புதிதாக விதித்தது. ஒரு நாட்டில் அவிழ்ந்த முடிச்சு இன்னொரு நாட்டில் விழுகிறது. ஆகவே, "வளைகுடாவில் வேலை" என்று பொதுப்பட எண்ணாதீர்கள். எந்த நாடு, இந்த ஆண்டில் அந்நாட்டின் சட்டம் என்ன என்று கேளுங்கள்.

படித்தவரை ஏமாற்ற முடியாதா?

"நாங்கள் பட்டதாரிகள்; ஆங்கிலம் அறிந்தவர்கள்; எங்களை யார் ஏமாற்ற முடியும்?" என்று இளைஞர் கேட்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர்களின் கதையைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பொதுப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 350 ஆசிரியர்களை ஒரு முகவர் நிறுவனம் அழைத்துச் சென்றது. ஆளுக்கு ஏறத்தாழ 16,000 டொலர் கட்டணம். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்டிய பின்னும் சம்பளத்தில் பங்கு கேட்கப்பட்டது. கட்டி முடிக்கும்வரை கடவுச்சீட்டுகள் பிடித்துவைக்கப்பட்டன. அவர்கள் தொழிற்சங்கத் துணையோடு வழக்காடினார்கள். 2012 டிசம்பரில் நடுவர் குழு 45 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தது. இங்கே இரண்டு பாடங்கள் உண்டு. அவர்கள் சிக்கியது அறியாமையினால் அன்று, கடனால். மீண்டது தனிமனித சாமர்த்தியத்தால் அன்று, சங்கத்தால். கங்காணியின் முன்பணம் நம்மைக் கட்டியதும், சங்கம் நம்மை நிமிர்த்தியதும் இதே கணக்குத்தான்.

கையொப்பத்திற்கு முன்

முதலாவது, முகவர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று விசாரியுங்கள். பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. அப்படியிருக்க, இங்கே ஒருவர் நகையை அடகு வைத்து வரச்சொன்னால், அந்தப் பணம் யாருக்கு என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது, வீசா. "சுற்றுலா வீசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றித் தருகிறோம்" என்பார்கள். அந்த வீசாவில் வேலை செய்வது குற்றம். குற்றவாளியாக வகுப்பில் நிற்பவர், சம்பளம் கிடைக்கவில்லை என்று எந்த வாசலில் போய் முறையிடுவார்?

மூன்றாவது, அடிப்படைச் சம்பளம். நம் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த சூது இது. அடிப்படை வேறு, கொடுப்பனவு வேறு என்று பிரித்துக் காட்டிய சம்பளப் பேச்சுகளை எத்தனை கண்டோம்! ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின்மீது மட்டுமே கணக்கிடப்படும். ஓர் ஆசிரியைக்கு மாதம் 6,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் அடிப்படையானால் 5 ஆண்டு முடிவில் 21,000 திர்ஹம் கிடைக்கும். 2,400 மட்டும் அடிப்படை, மீதி கொடுப்பனவு என்று எழுதியிருந்தால் 8,400தான் கிடைக்கும். மாதந்தோறும் கையில் வருவது ஒன்றே. கடைசியில் 12,600 திர்ஹம் காணாமற் போகிறது. திருடன் எவனும் வரவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரி கொண்டுபோயிற்று.

நான்காவது, தவணை. தகுதிகாண் காலம் அந்நாட்டில் 6 மாதம் வரை நீளலாம். அதற்குள் 14 நாள் முன்னறிவித்தலோடு வேலையிலிருந்து நிறுத்தலாம். ஆகவே முதல் 6 மாதத்தை நம்பி இங்கே கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்காதீர்கள். கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள். அதைப் பிடித்துவைப்பதை அச்சட்டமே தடுக்கிறது.

அண்டைக் கடலிலே

மாலைதீவு நமக்கு மிக அண்மை. 1961இல் அங்கே ஆங்கில மொழிமூலக் கல்வி தொடங்கியது முதல் இலங்கை ஆசிரியர்களுக்கு அங்கே இடம் உண்டு. பெரும்பாலும் அரசாங்கப் பாடசாலைகள் என்பதால் சர்வதேசக் கம்பனிகளைவிட நிதானம் உண்டு. ஆனால் தலைநகர் மாலே வேறு. தொலைவிலுள்ள சிறு தீவு வேறு. ஒரே பாடசாலை, ஒரே சிகிச்சை நிலையம், கடல் கொந்தளித்தால் படகில்லை. சம்பளம் ருஃபியாவில், அண்மை ஆண்டுகளில் வங்கியில் டொலர் பெறுவது அரிதாகி, வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. ஊருக்கு அனுப்பும் தொகையை உத்தியோக விகிதத்தில் கணக்கிட்டு மயங்காதீர்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்நாட்டில் இஸ்லாம் அல்லாத மத வழிபாட்டைப் பகிரங்கமாக நடத்த இடமில்லை. வழிபாட்டு விக்கிரகங்களைக் கொண்டுசெல்லவும் தடை உண்டு. பெட்டியில் பிள்ளையாரை வைத்து அனுப்பும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டத்தை மதித்து நடப்பது அடிமைத்தனம் அன்று. அறிந்து போவது அறிவுடைமை.

ஆபத்து அறிவித்து வருவதில்லை. 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. வங்கி மூடிற்று, பாடசாலை மூடிற்று, சேமிப்பு பறிபோயிற்று. இந்தியா மட்டும் 170,000க்கும் மேற்பட்ட தன் மக்களை விமானத்தில் மீட்டது. இலங்கையர் ஆயிரக்கணக்கில் பாலைவனம் கடந்து ஜோர்தானை அடைந்தனர். மறு ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் அமைத்தபோது, நம் நாட்டவரும் உரிமை கோரிப் பெற்றனர். எனவே ஒப்பந்தம், வீசா, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை ஊரிலும் ஒருவர் கையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். காகிதம் நம்மைக் கட்டவும் வல்லது, காக்கவும் வல்லது.

இங்கே இருக்கும் பிள்ளை

இறுதியாக, நம் நெஞ்சைச் சுடும் பேச்சுக்கு வருகிறேன். ஆசிரியை போய்விட்டாள், அவள் நின்ற வகுப்பு என்னாவது? ஓராசிரியர் பாடசாலையில், ஒரே கொட்டகையில் ஐந்து வகுப்புகள் அமர்ந்த காலத்தை இம்மலை மறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது இம்மக்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்காக. அங்கே பயின்றவர் துபாயில் பாடம் நடத்த, இறம்பொடைப் பிள்ளை வெறும் கரும்பலகையைப் பார்த்திருப்பதா? கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லையெனில், அவள் திரும்பவும் கூடையைத்தானே தூக்குவாள்!

இந்தப் பழியைப் போனவரின் தோளில் மட்டும் ஏற்றலாகாது. பொதுநலவாய நாடுகள் 2004இல் ஆசிரியர் சேர்ப்பு உடன்படிக்கையொன்றை ஏற்றன. அழைத்துக்கொள்ளும் நாடு அந்நிய ஆசிரியருக்குத் தன் ஆசிரியருக்குக் குறையாத நிலைமைகளை அளிக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவே ஆசிரியரைத் திரட்டிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். ஒப்பந்த விவரங்களை முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் நெறிகள். கட்டாயப்படுத்தும் சட்டம் அன்று அது. எனினும், நம் அரசாங்கம் எடுத்துப் பேசக்கூடிய ஆயுதம். மாலைதீவு இன்று அந்தக் கூட்டமைப்பில் இருக்கும் நாடே.

ஆகவே நாம் கேட்கிறோம். ஓர் ஆசிரியருக்கு வெளிநாட்டு விடுமுறை வழங்கும் அன்றே அந்த வகுப்புக்குப் பதில் ஆசிரியரை நியமியுங்கள். ஒப்பந்தங்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல நுவரெலியா மாவட்டத்தில் ஓர் இடம் திறவுங்கள். திரும்பி வருவோரின் அனுபவத்தை மலையகப் பாடசாலைகளுக்குப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இங்கேயே இருந்து கற்பிப்பவர் தலைநிமிர்ந்து வாழத்தக்க ஊதியம் கொடுங்கள்.

இளைஞர்களே! நம் பாட்டன் கைநாட்டு வைத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. நாம் கையொப்பமிடுகிறோம், நமக்குப் படிக்கத் தெரியும். அந்த வேற்றுமையைப் பெற்றுத்தந்தது இம்மலையின் பாடசாலை. போகிறவர் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் சங்கத்தோடும் சட்டத்தோடும் நில்லுங்கள். இருப்பவர்கள் வெறுமையான அந்த நாற்காலிக்காகக் குரல் கொடுப்போம்.