மருந்திருந்தும் நோய் பரவுவதேன்?



எய்ட்ஸ் நோய்க்கு வித்தான எச்.ஐ.வி. கிருமி தேகத்திற் பற்றாவண்ணம் முன்னரே காக்கும் மாத்திரையை அமெரிக்க அரசாங்கத்தார் 2012-ஆம் ஆண்டிலேயே அங்கீகரித்தனர். தவறாது உட்கொள்வோர்க்கு அது நல்ல கவசம். அங்ஙனமிருந்தும் 2024-இல் உலகில் ஏறக்குறைய 13 லக்ஷம் பேரைப் புதிதாய் அக்கிருமி பற்றியது. இஃதென்ன விந்தை!

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஸிம்பாப்வே ஆகிய தேசங்களில் 2009 முதல் 2012 வரை 5,029 ஸ்திரீகளிடையே ஒரு பரீக்ஷை நடைபெற்றது. மருந்து பயன்தரவில்லை என்றே முடிவாயிற்று. ஆனால், அவர்தம் இரத்தத்தைச் சோதித்தபொழுதன்றோ உண்மை வெளிப்பட்டது! மூன்றிலொரு பங்கு மாதிரிகளிற்கூட மருந்தின் சுவடு காணப்படவில்லை. வாங்கிச் சென்றவர் பலர் உண்ணவேயில்லை. மாத்திரைப் புட்டியைக் கண்டால் கணவனும் அயலாரும் தம்மை நோயாளியென்றே தூற்றுவர் என்னும் அச்சம் அதற்கொரு காரணம். அவர்களைப் பேதையரென்று நகைப்பது எளிது, நான் நகையேன்.

ஆறு மாதத்திற்கொருமுறை ஊசியாக ஏற்றும் லெனகாபவிர் என்னும் மருந்து பின்னர் வந்தது. 2024-இல் வெளியான பரீக்ஷையில், அதனைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவரையேனும் கிருமி தொடவில்லை. ஒளித்துவைக்கப் புட்டியில்லை, ஆயினும் அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு அதன் விலை 28,000 டாலருக்கு மேல்! 2027 முதல் ஏழை நாடுகளுக்கு 40 டாலரளவிற் கிடைக்குமென 2025-இல் அறிவித்துள்ளனர்.

விலை குறையலாம், நாணம் குறையுமோ? இந்தியாவில் இக்கிருமி முதன்முதற் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையிலேதான். வரன் தேடுங்கால் ஜாதகம் கேட்கும் நாம், இரத்தப் பரீக்ஷை என்றதும் முகஞ்சுளிக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வைத்தியர் ஒருவரை வரவழைத்து, மாதர்க்கும் இளைஞர்க்கும் தனித்தனியே வினாவ இடமளிக்குமாறு நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கிறேன்.