பால்வழி வளர்ந்த வரலாறு

 

நிலவில்லா இரவில், ஊர் விளக்கொளி எட்டாத வெளியில் நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு, வானின் ஒரு விளிம்பினின்று மறு விளிம்புவரை வெண்பட்டை ஒன்று தோன்றும். அதுவே பால்வழி, ஞாயிறும் நிலவுலகும் அடங்கிய விண்மீன் திரள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 இலக்கம் ஒளியாண்டு. அதிலுள்ள விண்மீன்கள் 10,000 கோடிக்குக் குறையா. தலைமுறை தலைமுறையாக ஒரே வகையாய்த் தோன்றுவதால், அஃது என்றும் இவ்வாறே இருந்தது போலும் என்று மாந்தர் எண்ணினர். அவ்வெண்ணம் பிழை. திரள்களும் பிறக்கின்றன, உண்கின்றன, வளர்கின்றன, ஓய்கின்றன. அம்மெய் வெளிப்பட்ட வகையே இவ்வுரையின் பொருள்.

பால்வழிக்கு அப்பால் வேறு திரள் உண்டா என்பதே நூறாண்டுகட்கு முன் வழக்காயிருந்தது. 1920-இல் வாசிங்டன் நகரில் சேப்பிளி, கர்ட்டிசு என்னும் வானியலறிஞர் இருவர் அதுபற்றிச் சொற்போர் நிகழ்த்தினர். வழக்குத் தீரவில்லை. அதனைத் தீர்த்தது அளவே. ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒருவகை விண்மீன்களின் காலமுறையைக் கொண்டு அவற்றின் மெய்யொளியை அறியலாம் என்பதை, 1912-இல் என்றியெட்டா இலீவிட்டு அம்மையார் வெளியிட்டிருந்தார். அதனையே அளவுகோலாகக் கொண்டு, 1923-இல் எட்வின் அப்புள், அந்திரோமேடா என்னும் ஒளிமுகிலின் தொலைவை அளந்தார். அது பால்வழிக்குப் புறத்தே தனித்து நிற்கும் மற்றொரு திரள் என்பது விளங்கிற்று. இன்றைய அளவின்படி அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலக்கம் ஒளியாண்டு.

அத்தொலைவிலிருந்து இன்று வந்து சேரும் ஒளி, 25 இலக்கம் ஆண்டுகட்கு முன் புறப்பட்டதாகும். ஆகவே, தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதேயாம். 1995-ஆம் ஆண்டிறுதியில் அப்புள் பெயர்தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி, ஒன்றுமில்லாதது எனத் தோன்றிய சிறு வான்பகுதியைப் பத்து நாள் உற்று நோக்கிற்று. அதனுள் ஏறத்தாழ 3,000 திரள்கள் இருந்தன. மிகத் தொலைவிலிருந்தவற்றுட் பல, சிறியனவாயும் ஒழுங்கற்றனவாயும் காணப்பட்டன. 2021-இல் ஏவப்பட்ட சேம்சு வெப்பு தொலைநோக்கியோ, பேரண்டம் தோன்றி 30 கோடி ஆண்டுகூட நிரம்பாத காலத்து ஒளிர்ந்த திரளொன்றை 2024-இல் காட்டிற்று. அத்துணை விரைவில் அத்துணை ஒளிமிக்க திரள்கள் எழும் என்று பழைய கணக்குகள் எதிர்பார்க்கவில்லை. அக்கணக்குகளை அறிஞர்கள் திருத்தி வருகின்றனர்.

திரள் பிறக்குமாறு யாது? பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. தொடக்கத்தில் பொருள் எங்கும் ஒருசீராகவே பரவியிருந்தது. இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடு நூறாயிரத்தில் ஒரு பங்களவே. அச்சிறு வேறுபாடே வித்து. பொருள் சற்றே மிக்க இடம் சுற்றிலுமுள்ளதை ஈர்த்தது. ஈர்த்ததால் மேலும் மிக்கது. அவ்வீர்ப்பிற் பெரும்பங்கு கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருளினுடையது. 1970-இல் வேரா உரூபின் அம்மையாரும் கெண்டு போர்டும் அந்திரோமேடாவின் சுழற்சியை அளந்தபோது, அதன் வெளிப்புறத்தில் உள்ளவையும் விரைவு குன்றாது சுற்றக் கண்டனர். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அதற்குப் போதாது. இருட்பொருள் இயல்பான பொருளினும் ஐந்து மடங்கு மிகுதி என்பர். அஃது எத்தகைய பொருள் என்பதை எவரும் இன்னும் கண்டிலர். அதன் குவியல்களுள் நீரகம் முதலிய வளிகள் வீழ்ந்து, குளிர்ந்து, செறிந்து, விண்மீன்களாயின.

பிறந்தபோது சிறியனவாயிருந்த திரள்கள், வளியை ஈர்த்தும் ஒன்றையொன்று விழுங்கியும் பெரியனவாயின. பால்வழியும் அவ்வாறு வளர்ந்ததே. கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் இயக்கத்தைக் கொண்டு, ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகட்கு முன் ஒரு சிறுதிரள் பால்வழியுள் கலந்து கரைந்தது என 2018-இல் அறிஞர்கள் கண்டனர். கரைந்த திரளின் விண்மீன்கள் இன்றும் தம் பழைய போக்கு மாறாது ஓடுகின்றன. அப்போக்கே அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

பேரண்டத்தில் விண்மீன் பிறப்பு மிக்கிருந்ததும் அக்காலத்தை ஒட்டியே. இன்று அஃது ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கிவிட்டது. வளி தீர்ந்தாலும், விண்மீன் வெடிப்பாலும் நடுவிலுள்ள கருந்துளையின் சீற்றத்தாலும் சூடேறினாலும், புதிய விண்மீன் பிறவாது. பழைய விண்மீன்கள் மட்டும் செந்நிறம் கொண்டு எஞ்சும்.

பால்வழியின் முடிவு யாது? அந்திரோமேடா நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் விரைவில் அதனை நெருங்கி வருகின்றது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டில் இரண்டும் மோதுவது உறுதி என்று 2012-இல் அறிவிக்கப்பட்டது. அண்டைத் திரள்களின் ஈர்ப்பையும் சேர்த்து, அளவுகளிலுள்ள ஐயங்களையும் எண்ணிப் பார்த்த 2025-ஆம் ஆண்டு ஆய்வோ, அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் அவை மோதிக் கலத்தற்கும் கலவாமைக்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமே என்றது. பாடநூல் ஏறிய முடிவாயினும், நுண்ணிய அளவு வந்தபோது அறிவுலகம் அதனை மீண்டும் எடுத்து ஆய்ந்தது. தமிழிளைஞர் வானியலை இவ்வாறே கற்றல் வேண்டும். முடிவை மட்டும் மனப்பாடம் செய்யாது, அம்முடிவுக்கு அடிப்படையான அளவு யாது என்று ஒவ்வொருவரும் வினவுக!